முதலில் ஓகரா, கூடாரமா, ஃபிளாஷரா? சிம்கோ ஏரி ஐஸ் மீன்பிடிக்குக் காசை எதில் போடுவது

ஒவ்வொரு டிசம்பரிலும் தெரிந்தவர் யாராவது போன் எடுப்பார். "மச்சான், இந்த முறை நாங்களும் ஐஸ் ஃபிஷிங் வாறம், என்ன சாமான் வாங்கோணும்?" விசாரித்துப் பார்த்தால் பாதிச் சாமானை ஏற்கெனவே வாங்கி முடித்திருப்பார். ஐந்து பேர் இருக்கக்கூடிய கூடாரம், புரொப்பேன் ஹீட்டர், மடக்குக் கதிரை, தேத்தண்ணீருக்கு அடுப்பு எல்லாம் கராஜில் இருக்கும். ஐஸில் துளை போடும் ஓகர் மட்டும் இருக்காது. "அதை யாரிட்டையாவது கேட்டு வாங்குவம்" என்பார்.

இந்த வரிசை பிழை என்பதுதான் நான் சொல்ல வந்தது. நானும் இதே வரிசையில்தான் வாங்கினேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். கூடாரமும் ஹீட்டரும் உங்களை ஒரே இடத்தில் இருக்க வைக்கும். மீனோ உங்களுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் சிம்கோ ஏரி 700 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் நீங்கள் போடுவது ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு துளை.

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தில் நின்று தூண்டில் போட்டவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. அங்கே நீர் ஓடுவது தெரியும், கொக்கு நிற்கிற இடம் தெரியும், பக்கத்தில் நிற்பவரின் வாளியை எட்டிப் பார்க்கலாம். இங்கே வெள்ளை வெளி. கீழே களையா, கல்லா, சேறா, நாலு மீட்டரா நாற்பது மீட்டரா, எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சாமான் வாங்கும்போது கேட்கவேண்டியது ஒரே கேள்விதான்: இது மீனைத் தேட உதவுமா, இல்லை நான் இருக்க உதவுமா?

சரி, முதலில் ஹட் (ஐஸின் மேல் வைத்திருக்கும் சின்னக் குடில்) வாடகையா, சொந்தச் சாமானா என்பதைப் பார்ப்போம்.

முதல் தடவை போகிறவர்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள், வருடத்துக்கு ஒருமுறைதான் போவோம் என்பவர்கள் எல்லாம் வாடகைக்கு எடுங்கள், மேலே யோசிக்கவேண்டாம். ஸ்காபரோவிலிருந்து 404 நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கெஸ்விக் வந்துவிடும். அங்கிருந்து ஜாக்சன்ஸ் பொயின்ட், பீவர்ட்டன் என்று ஏரியைச் சுற்றி நிறையப் பேர் ஹட் வாடகைக்கு விடுகிறார்கள். கரையிலிருந்து ஸ்னோமொபைல் இழுக்கும் பெட்டியிலோ பழைய பொம்பார்டியர் பனி வண்டியிலோ ஏற்றிக்கொண்டுபோய் விடுவார்கள். ஹட்டுக்குள் ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும், துளை போட்டிருக்கும், பெரும்பாலும் இரைக்குச் சின்ன மீனும் தருவார்கள். எல்லாவற்றையும் விட, ஐஸ் எங்கே தடிப்பு, எங்கே வெடிப்பு என்று தினமும் பார்க்கிற ஆள் உங்களை அழைத்துப் போகிறார். இது பெரிய விஷயம்.

ஆனால் ஹட்டின் குறையும் அங்கேயே இருக்கிறது. எங்கள் முதல் பயணத்தில் ஆறு பேர் ஒரு ஹட்டில் எட்டு மணி நேரம் இருந்தோம். ரோல்ஸ் சாப்பிட்டோம், பழைய கதை பேசினோம், ஒரு மீனும் படவில்லை. மத்தியானம் கால் நீட்ட வெளியே வந்தால், ஐம்பது யார் தள்ளி ஒரு கிழவர், கூடாரம் ஒன்றும் இல்லாமல், கவிழ்த்து வைத்த வாளியில் குந்தியிருந்து பேர்ச் மீனை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்தார், வாளியைத் தூக்கினார், இருபது அடி தள்ளிப் புதுத் துளை போட்டு மறுபடி குந்தினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் ஹட்டை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாதே.

அதற்குப் பிறகு ஹட் எடுக்கும்போதெல்லாம் போனில் இரண்டு கேள்வி கேட்பேன்: எத்தனை அடி ஆழத்தில் வைத்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது நகர்த்தினீர்கள்? இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்கிறவரிடம் எடுங்கள். "எங்கள் இடத்தில் எப்போதும் மீன் இருக்கும்" என்பவரிடம் வேண்டாம்.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஆளுக்கு எழுபத்தைந்து டொலர் என்று வைத்துக்கொண்டால், நாலு பேர், பருவத்துக்கு மூன்று தடவை, தொள்ளாயிரம் டொலர். அதே தொள்ளாயிரத்துக்கு ஒரு கை ஓகர், இரண்டு மூன்று தூண்டில் தடி, இழுத்துப்போகும் சறுக்குப் பெட்டி, பாதுகாப்புச் சாமான், தேடிப்பிடித்தால் கீழே மீன் நிற்பதைக் காட்டும் ஃபிளாஷர் கருவி பாவித்தது ஒன்று, இவ்வளவும் வாங்கலாம். அடுத்த வருடமும் அவை இருக்கும். ஆகவே பருவத்துக்கு மூன்று தடவைக்கு மேல் போகிறவருக்குச் சொந்தச் சாமான் லாபம், அதற்குக் குறைவென்றால் ஹட். வீட்டில் இந்தக் கணக்கைச் சொன்னபோது வந்த பதில் வேறு: "என்னப்பா, கடையிலை மீன் கிலோ என்ன விலையெண்டு பாத்தனீங்களோ?" அந்தக் கணக்குக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

சொந்தச் சாமான் என்று முடிவெடுத்தால், ஹட்காரர் பார்த்துக்கொண்ட ஐஸை இனி நீங்களே பார்க்கவேண்டும். இதில் ஒப்பீடே கிடையாது, எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கவேண்டியது இதற்கான சாமான். நடந்து போக, தெளிவான கருநீல ஐஸ் குறைந்தது 10 சென்டிமீட்டர். ஸ்னோமொபைலுக்கு 20. காருக்கு 30க்கு மேல், நான் எத்தனை தடிப்பென்றாலும் காரை ஏற்றமாட்டேன். பால்போல வெள்ளையாக இருக்கிற ஐஸ் பனியும் நீரும் கலந்து உறைந்தது, அதற்குப் பலம் பாதிதான், ஆகவே தடிப்பு இரண்டு மடங்கு வேண்டும். எங்கள் ஊர் அலவாங்கு மாதிரி ஒரு நீளக் கம்பி விற்கிறார்கள். ஒவ்வொரு சில அடிக்கும் அதால் குத்திப் பார்த்துக்கொண்டு நடக்கவேண்டும், ஒரு குத்தில் நீர் வந்தால் வந்த வழியே திரும்பவேண்டும். கழுத்தில் மாட்டும் ஐஸ் ஊசி ஒரு சோடி, விழுந்தால் ஐஸில் குத்தித் தவழ்ந்து ஏற. சப்பாத்துக்கு மாட்டும் முள் பட்டி, கயிறு. வசதியிருந்தால் மிதக்கும் உடை, அது குளிருக்கும் நல்லது. மிதக்கும் உடையை விட்டால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு நல்ல தூண்டில் தடியின் விலைதான்.

ஐஸின் தடிப்பு ஏரி முழுக்க ஒரே மாதிரி இருக்காது. தெற்கே குக்ஸ் பே ஆழம் குறைந்தது, அது முதலில் உறையும். பாரி நகரின் பக்கமிருக்கும் கெம்பன்ஃபெல்ட் பே 40 மீட்டருக்கு மேல் ஆழம், அது பிந்தித்தான் உறையும். ஆற்று வாய், தீவைச் சுற்றிய இடம், அழுத்தத்தால் ஐஸ் வெடித்து மேடாக எழும்பிய கோடு, இவை மூன்றுக்கும் கிட்டப் போகாதீர்கள். நேற்று ஆள் போன தடம் இருக்கிறது என்பதை ஒரு சாட்சியாக எடுக்கவேண்டாம். காற்று ஒரு இரவில் வெடிப்பைத் திறந்துவிடும்.

இனி ஓகர். கை ஓகர், பெற்றோல் ஓகர், பற்றரி ஓகர், சாதாரணப் பற்றரி ட்ரில்லில் மாட்டுகிற ஓகர் என்று நாலு வகை.

நான் முதலில் வாங்கியது பாவித்த பெற்றோல் ஓகர், 10 அங்குலம். பெரிய துளை என்றால் பெரிய மீன் வரும் என்று நினைத்தேன். பதினைந்து கிலோவுக்குக் கிட்டப் பாரம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் இழுத்துப் போனதிலேயே முதுகு போய்விட்டது. குளிரில் ஸ்டார்ட் ஆக இருபது தடவை இழுக்கவேண்டும். ஒருமுறை பெற்றோல் கையுறையில் ஊற்றுப்பட்டு அந்தக் கையால் இரை கட்டினேன், அன்றைக்கு மீனே கிட்ட வரவில்லை. அதற்கு அதுதான் காரணமா தெரியாது, நான் அதைத்தான் காரணமாக வைத்திருக்கிறேன். அந்தப் பெரிய துளைக்குள் ஒரு நாள் மச்சானின் போனும் போனது.

துளையின் அகலத்தைப் பலர் யோசிப்பதில்லை. 6 அங்குலத்திலிருந்து 8க்குப் போனால் வெட்டவேண்டிய ஐஸ் முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது, 8லிருந்து 10க்குப் போனால் இன்னும் பாதிப் பங்கு கூடுகிறது. பேர்ச்சுக்கு 6 அங்குலம் தாராளம். வைட்ஃபிஷ், லேக் ட்ரவுட் பிடிக்கப்போனால் 8. பத்து அங்குலம் சிம்கோவில் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

கை ஓகர் இரண்டு மூன்று கிலோதான். அலகு கூராக இருந்தால் ஓரடி ஐஸை ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்துத் துளைக்கும். ஜனவரி தொடக்கத்தில் ஐஸ் ஆறு எட்டு அங்குலம் இருக்கும்போது இதை மிஞ்ச ஒன்றுமில்லை, சத்தமும் இல்லை, எண்ணெயும் இல்லை. பெப்ரவரி நடுவில் ஐஸ் இரண்டடிக்குப் போனால் நிலைமை மாறிவிடும். ஐந்தாவது துளையில் தோள் வலிக்கும், ஆறாவது துளை போட மனம் வராது. மனம் வராத அந்த இடத்தில்தான் பிரச்சினை தொடங்குகிறது, ஏனென்றால் மீன் ஒன்பதாவது துளையில் இருக்கலாம்.

பற்றரி ஓகர் 40 வோல்ட், அதற்கு மேல் என்று வருகிறது, தூக்க லேசு, விலை கூட. நான் கடைசியில் நின்ற இடம் ட்ரில்தான். நல்ல பிரஷ்லெஸ் ட்ரில் ஒன்று, 18 வோல்ட், வீட்டு வேலைக்கு ஏற்கெனவே இருந்தது, அதில் மாட்டும் 6 அங்குல லேசான ஓகரை மட்டும் வாங்கினேன். ஒரு பற்றரியில் ஓரடி ஐஸில் பத்துப் பன்னிரண்டு துளை எனக்கு வருகிறது. இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். ட்ரில்லுக்குப் பக்கக் கைபிடி கட்டாயம், ஓகர் ஐஸில் இறுகினால் ட்ரில் சுழன்று மணிக்கட்டைத் திருப்பிவிடும். மற்றது, பற்றரியை ஜாக்கெட்டின் உள் பொக்கெற்றில் வையுங்கள். மைனஸ் பதினைந்தில் வெளியே கிடந்த பற்றரி பாதி வேலையும் செய்யாது. நழுவினால் ஓகர் ஏரிக்குள் போய்விடாமல் மேலே ஒரு வட்டத் தகடு மாட்டுவார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். மலிவான பழைய ட்ரில்லை இதற்குப் பாவித்தால் மோட்டர் புகைக்கும். அதைவிடக் கை ஓகரே மேல்.

துளை போட ஆயுதம் வந்துவிட்டது. எங்கே போடுவது?

இதற்கு நீரைப்பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டால் மிச்சம் தன்பாட்டில் புரியும். நீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி. ஆகவே குளிர்காலத்தில் அது அடியில் போய்த் தங்கும், ஐஸுக்குக் கீழே ஒட்டியிருக்கிற நீர் பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கும். கோடையில் மேலே சூடு, கீழே குளிர் என்பது இங்கே தலைகீழ். பேர்ச்சும் வைட்ஃபிஷும் பெரும்பாலான நேரம் அடியை ஒட்டியே திரிவதால், தூண்டிலை அடியிலிருந்து ஓரடிக்குள் வைத்துத் தொடங்குவது நல்லது. அடுத்தது மூச்சு. ஆழம் குறைந்த களைப் பகுதியில், பனி மூடி வெளிச்சம் போகாமல் களை செத்து அழுகத் தொடங்கினால் நீரில் ஒட்சிசன் குறையும், மீன் அங்கிருந்து வெளியேறும். அதனால்தான் முதல் ஐஸ் நேரத்தில் குக்ஸ் பேயில் பச்சைக் களையை ஒட்டி பத்துப் பதினைந்து அடியில் கிடைத்த பேர்ச், பெப்ரவரியில் அதே இடத்தில் கிடைப்பதில்லை. அவை முப்பது நாற்பது அடிக்கு இறங்கிவிடும். மார்ச்சில் ஐஸ் உருகிய நீர் துளைகளாலும் வெடிப்புகளாலும் உள்ளே போகத் தொடங்கியதும் மறுபடி ஆழம் குறைந்த பக்கம் வரும். போன மாதம் நிறையப் பட்ட இடம் என்று அங்கேயே போய் இருப்பவர்கள் தோற்பது இப்படித்தான். தூண்டிலில் வந்த களை பச்சையாக இருந்தால் அங்கே நில்லுங்கள், பழுப்பாகக் குழைந்து வந்தால் நகருங்கள்.

தேடுவதற்கு மலிவான கருவி போனில் உள்ள ஆழ வரைபடம். நவியோனிக்ஸ் மாதிரிச் செயலியில் சம ஆழக் கோடுகள் தெரியும். கோடுகள் நெருங்கி வந்து பிறகு அகலமாக விரிகிற இடம், அதாவது சரிவு முடிந்து சமதரை தொடங்குகிற இடம், பேர்ச்சுக்கு முதலில் பார்க்கவேண்டியது. நான் செய்வது இதுதான்: சரிவுக்குக் குறுக்கே, ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து ஆழம் கூடிய பக்கத்துக்கு, பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றாக எட்டுப் பத்துத் துளையை ஒரே மூச்சில் போட்டுவிடுவேன். சத்தமெல்லாம் முதலே முடிந்துவிடும். பிறகு தடியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு முதல் துளையிலிருந்து, துளைக்கு ஐந்து நிமிடம், ஒன்றும் இல்லையென்றால் அடுத்தது. எந்த ஆழத்தில் முதல் மீன் படுகிறதோ, அந்த ஆழக் கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் இன்னும் நாலு துளை. பெரும்பாலான நாள் ஒரு மணி நேரத்துக்குள் எங்கே நிற்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இப்போது கண்ணுக்கு வருவோம். ஃபிளாஷர், நீர்க் கமரா, நேரடிச் சோனார் மூன்றில் எது?

ஃபிளாஷர் என்பது வட்ட முகம் உள்ள சோனார், அதாவது ஒலியைக் கீழே அனுப்பி அது திரும்பி வருவதை வைத்துக் காட்டும் கருவி, வெக்ஸிலர், மார்கம் என்று பெயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மணிக்கூடு மாதிரி வட்டத்தில் பூச்சியத்திலிருந்து ஆழம் போகும், கீழே தடித்த சிவப்புப் பட்டை ஏரியின் அடி. அதற்கு மேலே ஒரு மெல்லிய கோடு உங்கள் தூண்டில். தடி நுனியைத் தூக்கினால் கோடும் ஏறும், இறக்கினால் இறங்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது சின்னப் பிள்ளை மாதிரி அரை மணி நேரம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் திடீரென்று அடிப் பட்டையிலிருந்து பச்சையாக ஒரு துண்டு பிரிந்து வரும். பச்சை என்றால் ஒலி பலவீனமாகத் திரும்புகிறது, மீன் ஓரத்தில் நிற்கிறது. அது செம்மஞ்சளாகி, சிவப்பாகி, உங்கள் கோட்டுக்குக் கீழே வந்து நிற்கும். இந்த இடத்தில் தூண்டிலை அசைக்காமல் வைத்தால் சில மீன் திரும்பிப் போய்விடும், மெதுவாக ஓரங்குலம் ஓரங்குலமாக மேலே எடுத்தால் துரத்திக்கொண்டு ஏறும். இரண்டு கோடும் ஒன்றாகிற கணத்தில் தடி நுனி ஒரு நெல் அளவுக்குக் கீழே வளையும். அப்போது இழுங்கள்.

இன்னொரு வசதி: தெளிந்த ஐஸாக இருந்தால் துளைகூடப் போடத் தேவையில்லை. பனியைத் தட்டிவிட்டு, கொஞ்சம் நீர் ஊற்றி, உணரியை அதில் வைத்தால் ஐஸின் ஊடாகவே ஆழம் காட்டும். பத்துத் துளை போடுகிற வேலை நாலாகக் குறையும். வெள்ளை ஐஸில், உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் இது சரிவராது.

ஃபிளாஷரின் எல்லையும் தெரிந்திருக்கவேண்டும். அதன் பார்வை கூம்பு வடிவம். 20 பாகைக் கூம்பு என்றால் 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் அகலம் பார்க்கும், 3 மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் அகலம்தான். ஆகவே ஆழம் குறைந்த இடத்தில் ஃபிளாஷர் வெறுமை என்று காட்டினால் மீன் இல்லை என்று அர்த்தமில்லை. சரிவான அடியில் தரையோடு ஒட்டி நிற்கும் மீனும் தெரியாது. பக்கத்தில் இன்னொருவர் ஃபிளாஷர் போட்டிருந்தால் திரை முழுக்கக் கோடு ஓடும், அதற்கு ஒரு குமிழ் இருக்கிறது, திருப்பிப் பாருங்கள்.

கமரா வேறு வேலை செய்வது. ஃபிளாஷர் ஏதோ இருக்கிறது என்று சொல்லும், கமரா இன்னது என்று சொல்லும். சிம்கோவில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் வந்து பரவிய ஸீப்ரா சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டன, பிறகு வந்தது ரவுண்ட் கோபி என்ற சின்ன அடிமீன். அது இரையைக் கொறித்துக்கொண்டேயிருக்கும், மேலே இருப்பவர் பேர்ச் என்று நினைத்து மணிக்கணக்கில் குந்தியிருப்பார். கமராவை இறக்கினால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கும் கமரா பிடிக்கும், மீன் படாவிட்டாலும் படம் பார்ப்பார்கள். ஆனால் ஒவ்வொரு துளையிலும் கேபிளை இறக்கி, சுற்றிப் பார்த்து, ஏற்றி, உறைந்த கேபிளைச் சுருட்டி என்று கை மரத்துவிடும். அறுபது எழுபது அடியில் வெளிச்சமும் குறைவு. நகர்ந்து தேடுகிறவருக்குக் கமரா சுமை, ஒரு இடத்தில் இருப்பவருக்குத் துணை.

நேரடிச் சோனார், 2018இல் கார்மின் லைவ்ஸ்கோப் வந்ததிலிருந்து, ஆட்டத்தையே மாற்றிவிட்டது என்பது உண்மை. ஒரு துளையில் தடியை இறக்கிச் சுற்றினால் பல பத்து அடி தள்ளி நிற்கும் கூட்டம்கூட நகர்வது தெரியும். திரை, உணரி, பற்றரி எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் டொலர். வருடத்தில் இருபது நாள் போகிற, படகும் வைத்திருக்கிற ஒருவர் வாங்கட்டும். மற்றவர்கள் வாங்கினால் அந்தக் காசுக்குப் பிடிக்கவேண்டும் என்ற அவதிதான் மிஞ்சும். நண்பர் ஒருவர் இதோடு வந்தார், நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு "அங்கை நிக்குது, இப்ப இஞ்சாலை வருது" என்று நேர்முக வர்ணனை சொன்னார். தூண்டில் போடவே இல்லை.

என் தெரிவு ஃபிளாஷர், அதுவும் பாவித்தது. இந்த இயந்திரம் லேசில் பழுதாகாது, பற்றரி மட்டும் புதிதாகப் போடவேண்டிவரலாம்.

இப்போதுதான் கூடாரம். இரண்டு மாதிரி உண்டு. சறுக்குப் பெட்டியோடு சேர்ந்து, தலைக்கு மேலால் கவிழ்த்துவிடுகிற மாதிரி ஒருவர் இருவருக்கு. நாலு பக்கமும் இழுத்து விரிக்கும் ஹப் மாதிரி நாலைந்து பேருக்கு. முதலாவதை ஒரு நிமிடத்தில் மடித்து நகரலாம், ஆகவே தேடுகிறவருக்கு அது. இரண்டாவதில் எழுந்து நிற்கலாம், குடும்பத்தோடு இருக்கலாம், ஆனால் ஒருமுறை விரித்தால் அன்றைக்கு அதுதான் உங்கள் காணி. காற்றடிக்கும் நாளில் ஹப்பை விரிக்கும்போது, முதலில் காற்று வருகிற பக்கத்தில் ஐஸ் ஆணி ஒன்றை இறுக்கிவிட்டுத்தான் மற்றப் பக்கத்தை இழுக்கவேண்டும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. கூடாரம் பந்து மாதிரி உருண்டு போக, மூன்று பேர் கனமான சப்பாத்தோடு பின்னால் ஓடியதை அன்று ஏரியில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே ஹீட்டர் வைத்தால் மேல் யன்னலைத் திறந்தே வையுங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. ஒட்சிசன் குறைந்தால் தானே அணையும் ஹீட்டராகப் பார்த்து வாங்குங்கள், ஒரு சின்ன அலாரமும் கொளுவுங்கள்.

தூண்டில் தடியைப்பற்றி நீட்டத் தேவையில்லை. பேர்ச்சுக்கு இரண்டடி நீளத்தில் நுனி மெல்லிய தடி, நாலு றாத்தல் தங்கூசி, சின்ன டங்ஸ்டன் ஜிக்கில் (பாரம் சேர்ந்த தூண்டில் முள்) ஒரு புழுவோ சின்ன மீனோ. டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி என்பதால் சிறிதாக இருந்தும் வேகமாக இறங்கும், கூட்டம் போவதற்குள் கீழே போய்விடலாம். வைட்ஃபிஷுக்கும் ட்ரவுட்டுக்கும் அறுபது எழுபது அடிக்கு மேல் போகவேண்டும், மூன்றடித் தடி, பின்னல் நூல், நுனியில் எட்டு றாத்தல் ஃபுளோரோகார்பன். வைட்ஃபிஷுக்கு ஜிக்கை அடியில் இரண்டு மூன்று தடவை தட்டிச் சேறு கிளப்பிவிட்டு அசையாமல் வைப்பது பழைய உத்தி, இன்றும் வேலை செய்கிறது. பேர்ச் கண்ணால் பார்த்து இரை எடுப்பது, இருட்டினால் கடிக்காது, மூட்டை கட்டலாம்.

எந்த மீன் என்பதையும் தீர்மானித்துவிட்டுப் போங்கள். ஆழத்திலிருந்து இழுத்த பேர்ச்சின் காற்றுப்பை வீங்கிவிடும், அதற்கு அந்தக் காற்றை வெளியே விட வழியில்லை, திரும்ப விட்டாலும் பல பிழைக்காது. ட்ரவுட்டும் வைட்ஃபிஷும் வாயால் காற்றை விடக்கூடியவை. ஆகவே முப்பது அடிக்குக் கீழே சின்ன பேர்ச்தான் வருகிறது என்றால், பிடித்துப் பிடித்து விடாமல் இடத்தை மாற்றுங்கள்.

சட்டம் சுருக்கமாக: 18 வயதிலிருந்து 64 வரை அவுட்டோர்ஸ் கார்டும் அனுமதிச்சீட்டும் வேண்டும். சிம்கோவில் ஐஸில் ஆளுக்கு இரண்டு தூண்டில், இரண்டும் கண்ணுக்கு முன்னால், 60 மீட்டருக்குள். பேர்ச் முழு அனுமதியில் 50 மீன் வரை, குறைந்த மீனுக்கான பாதுகாப்பு அனுமதியில் 25 வரை. லேக் ட்ரவுட்டும் வைட்ஃபிஷும் குளிர்காலத்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 15 வரை. மிஞ்சிய இரை மீனை ஏரியில் கொட்டக்கூடாது, இரை வாங்கிய ரசீதை வைத்திருங்கள். விதிகள் மாறும், போகும் முன் அந்த வருடத்தின் அரச விதித் தொகுப்பைப் பாருங்கள். பெப்ரவரியில் ஃபமிலி டே வார இறுதியில் கனடாவில் வசிப்பவர்களை ஒன்ராறியோவில் அனுமதிச்சீட்டு இல்லாமலே பிடிக்க விடுவார்கள். புதிதாகச் சேர நினைப்பவர்களை நான் அன்றைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவது, ஒரு காசும் போடாமல் பிடித்திருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

பிடித்துப்போனால், சாமானை அடுத்த டிசம்பர்வரை தள்ளிவைக்காதீர்கள். மார்ச்சில் கடைகள் கோடைச் சாமானுக்கு இடம் ஒதுக்கத் தொடங்கும்போது விலை இறங்கும், கை ஓய்ந்தவர்களும் கராஜைத் துப்புரவாக்குவார்கள். ஓகர், ஃபிளாஷர், கடைசியாக மனமிருந்தால் கூடாரம் என்ற வரிசையிலேயே பாருங்கள். பாவித்த ஓகர் எடுத்தால் அலகில் துரு, வளைவு இருக்கிறதா என்று பார்த்து, அலகு மூடியையும் கேட்டு வாங்குங்கள். மூடி இல்லாத ஓகரைக் காரின் பின்னால் இருட்டில் தடவி எடுத்த நாளின் அடையாளம் என் வலது கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது, நாலு தையல்.